மலை எங்கே போயிற்று? – ஒரு பழைய டிஜிட்டல் காமிராவின் கதை

எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு பழைய டிஜிட்டல் காமிரா இருக்கிறது. 2006-ல் சிங்கப்பூரிலிருந்து வந்த என் பெரியப்பா மகன் என் தந்தையாருக்குக் கொடுத்தது. சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரியது. படத்தில் 50 லட்சம் புள்ளிகள். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற பாட்டரி இரண்டில் ஓடும். இன்று நம் சட்டைப் பையிலுள்ள செல்பேசி இதைவிடப் பல மடங்கு திறமை வாய்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் அடுத்த மாதம் என் தாயாரைக் கோடைக்கானலுக்கு அழைத்துச் செல்லும்போது இதையும் கொண்டுபோக வேண்டும் என்பது அவர் கட்டளை.

காரணம் ஒரு படம். 2019-ல் நாங்கள் அங்கே சென்றபோது கோக்கர்ஸ் வாக் நடைபாதையில் என் தந்தையார் கறுப்புக் குடையின் நிழலில் நின்றார். பின்னால் பள்ளத்தாக்கில் மூடுபனி விலகி, வெயில் பட்ட மலைத்தொடர் ஒன்று அப்போதுதான் வெளிப்பட்டது. என் செல்பேசியில் மின்சாரம் தீர்ந்துவிட்டதால் இந்தக் காமிராவில் எடுத்தேன். முகம் தெளிவாக விழுந்தது. பின்னால் மலை இல்லை, வெறும் வெள்ளைத்தாள்! இப்போது அப்பா இல்லை. சட்டமிட்டு மாட்டிய அந்தப் படத்தைத் துடைக்கும்போதெல்லாம் அம்மா சொல்வார்: "இந்தத் தடவையாவது அந்த மலையைப் பிடிச்சுட்டு வாடா. பிஸிக்ஸ்தானே சொல்லிக் கொடுக்கிறே?"

கேள்வி நியாயமானதே. கண்ணுக்குத் தெரிந்த மலை எங்கே போயிற்று? விடை தேடப் புகுந்தால் 1969-ஆம் ஆண்டுக்குப் போக வேண்டியிருக்கிறது. வாருங்கள், போய்வருவோம்.

நினைவகமாகப் பிறந்த கண்

அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் மர்ரே ஹில் என்னும் ஊரில் பெல் ஆய்வுக்கூடம் உள்ளது. 1969 அக்டோபர் 17 அன்று அங்கே வில்லார்டு பாயில், ஜார்ஜ் ஸ்மித் என்ற இரு இயற்பியலாளர்கள் கரும்பலகை முன் அமர்ந்தனர். அவர்கள் காமிராவைப் பற்றிப் பேச அமரவில்லை. அந்நாளில் கணிப்பொறிகளுக்காகக் காந்தக் குமிழி நினைவகம் என்றொரு புதுமை பெரிதாகப் பேசப்பட்டது. அதற்கு ஈடாகக் குறைகடத்தியில் ஏதேனும் செய்ய முடியுமா என்பது மேலதிகாரி கொடுத்த நெருக்கடி. ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் அடிப்படைக் கருத்து பலகையில் வரையப்பட்டுவிட்டது. அதுதான் மின்னூட்ட இணைப்புச் சாதனம், சுருக்கமாகச் சி.சி.டி.

வீட்டுக்குத் தளம் போடும் நாளை நினைத்துப் பாருங்கள். சித்தாட்கள் வரிசையாக நிற்பார்கள். கலவைச் சட்டி ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்கு மாறி மாறிக் கடைசி ஆளிடம் போய்ச் சேரும். சட்டியில் கலவைக்குப் பதில் எலெக்ட்ரான்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்களுக்குப் பதில் சிலிக்கன் மீது பதித்த நுண்ணிய மின்முனைகள். அவற்றின் மின்னழுத்தத்தை முறையாக ஏற்றி இறக்கினால் எலெக்ட்ரான் குவியல் ஒரு குழியிலிருந்து அடுத்த குழிக்கு நகரும். வரிசையின் முடிவில் ஒரே ஒரு பெருக்கி உட்கார்ந்து, வரும் ஒவ்வொரு சட்டியிலும் எவ்வளவு என்று அளந்து சொல்லும்.

இதில் படம் எங்கே வந்தது? சட்டிகளை மின்சாரத்தால்தான் நிரப்ப வேண்டும் என்பதில்லை, ஒளியும் நிரப்பும். சிலிக்கனில் எலெக்ட்ரானை விடுவிக்க சுமார் 1.1 எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றல் போதும். கண்ணுக்குப் புலனாகும் ஒளியின் ஃபோட்டான்கள் 1.8 முதல் 3.1 வரை கொண்டுள்ளன. ஆகவே உள்ளே நுழைந்து உட்கவரப்பட்ட ஒரு ஃபோட்டான் ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கும். ஒளி மிகுந்த இடத்தில் சட்டி வேகமாக நிரம்பும். இருண்ட இடத்தில் மெல்ல நிரம்பும். நிரம்பியபின் கைமாற்றிக் கொண்டுவந்து எண்ணினால் அதுவே படம்!

பாயிலும் ஸ்மித்தும் 2009-ல் நோபெல் பரிசில் பாதியைப் பெற்றனர். அப்போது ஒரு சலசலப்பும் எழுந்தது. அதே ஆய்வுக்கூடத்தின் மைக்கேல் டாம்ப்செட் என்பவரே சி.சி.டி.யைப் படம்பிடிக்கும் கருவியாக வடிவமைத்தவர். அதற்கான காப்புரிமையும் அவர் பெயரிலேயே உள்ளது. பரிசுப் பட்டியலில் அவர் பெயர் இல்லாதது குறையே என்பது என் எண்ணம். 2017-ல் ராணி எலிசபெத் பொறியியல் பரிசு ஸ்மித், டாம்ப்செட், டெரனிஷி, ஃபாசம் ஆகிய நால்வருக்கும் சேர்த்தே அளிக்கப்பட்டது.

இந்தக் கைமாற்றும் வேலையை நீங்களே கண்ணால் காணலாம். பழைய காமிரா ஒன்று கிடைத்தால், வெயிலில் வைத்த எவர்சில்வர் சொம்பின் பளபளப்பை அதன் பின்திரையில் பாருங்கள். (சூரியனை நேரே பார்க்க வேண்டாம், கண்ணுக்கும் கேடு, காமிராவுக்கும் கேடு.) பளபளக்கும் புள்ளியின் வழியாக, திரையின் மேலிருந்து கீழ்வரை ஒரு வெள்ளைக் கோடு ஓடக் காண்பீர்கள். காமிரா பழுதாகிவிட்டது என்று எண்ணிப் பலர் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். அது பழுதன்று. சித்தாள் வரிசையில் ஓரிடத்தில் மட்டும் மேலே குழாய் ஒழுகுகிறது எனக் கொள்வோம். அவ்விடத்தைக் கடந்து செல்லும் ஒவ்வொரு சட்டியிலும் சில சொட்டுகள் விழும் அல்லவா? அப்படித்தான் அந்த நெடுவரிசை முழுவதும் கறைபடுகிறது. பொத்தானை அழுத்திப் படமெடுத்தால் பெரும்பாலும் கோடு மறைந்துவிடும். ஏனெனில் சட்டிகள் நகரும் வேளையில் இயந்திரத் திரை ஒன்று மூடி ஒளியைத் தடுக்கிறது. இன்றைய செல்பேசிகளில் உள்ளது வேறு வகை உணரி. அதில் ஒவ்வொரு புள்ளிக்கும் தனிப் பெருக்கி உண்டு, கைமாற்றல் இல்லை, ஆகவே இக்கோடும் இல்லை. எரிக் ஃபாசம் 1990-களில் அமெரிக்க விண்வெளி ஆய்வுக்காக வளர்த்தெடுத்த முறை அது.

மூன்றரைக் கிலோ எடையில் ஒரு படம்

சி.சி.டி. கிடைத்தும் காமிரா உடனே வந்துவிடவில்லை. 1975-ல் கோடக் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஸ்டீவ் சாஸன் ஒரு சோதனைக் கருவி செய்தார். சினிமாக் காமிராவின் லென்சு, 100-க்கு 100 புள்ளிகள் கொண்ட சி.சி.டி., 16 நிக்கல்-காட்மியம் மின்கலங்கள், பாட்டுக் கேட்கும் காசெட்டு நாடாவில் பதியும் கருவி எல்லாம் சேர்ந்து எடை சுமார் 3.6 கிலோ. ஒரு படம் நாடாவில் பதிய 23 விநாடிகள்! நாடாவில் 30 படங்கள் கொள்ளலாம் என்று வகுத்தார். ஏன் 30? பிலிம் சுருளில் 24 அல்லது 36 படங்கள் இருப்பது வழக்கம். இடையே ஒரு எண்ணைத் தேர்ந்தாராம்.

முதன்முதலாக ஆய்வுக்கூடத்தில் பணிபுரிந்த ஒரு பெண்மணியைப் படம்பிடித்தபோது தலைமுடியும் பின்னணியும் தெரிந்தன. முகம் மட்டும் புள்ளிக் குழப்பமாக வந்தது. எண்களைக் கொண்டுசெல்லும் கம்பிகளின் வரிசை மாறிப் போயிருந்தது. முழுக் கறுப்பும் முழு வெள்ளையும் எப்படிப் புரட்டினாலும் மாறமாட்டா. இடைப்பட்ட சாம்பல் நிறங்களே குழம்பும். கம்பிகளை மாற்றியதும் முகம் வந்துவிட்டது. அவருக்காவது முகம் போயிற்று, திரும்பக் கிடைத்தது. எனக்குப் போனது மலை!

சாஸனின் படம் கறுப்பு வெள்ளை. ஃபோட்டான் எந்த நிறத்தது என்று எலெக்ட்ரானுக்குத் தெரியாது. இதற்கு வழி கண்டவர் அதே நிறுவனத்தின் பிரைஸ் பேயர். ஒவ்வொரு புள்ளியின் மீதும் ஒரு நிற வடிகட்டி. பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால் பகுதிக்குச் சிவப்பு, கால் பகுதிக்கு நீலம். நம் கண் பச்சையில்தான் நுட்பமாகப் பார்க்கிறது என்பதால் அதற்கு இரட்டைப் பங்கு. விடுபட்ட நிறங்களைப் பக்கத்துப் புள்ளிகளைக் கொண்டு கணக்கிட்டு நிரப்ப வேண்டும். இதற்கான காப்புரிமை 1976-ல் கிடைத்தது. அலமாரியிலுள்ள என் காமிராவிலும் உங்கள் செல்பேசியிலும் இன்றும் இருப்பது இந்தச் சதுரங்கப் பலகையும் அதன் உறவுகளுமே.

பெங்களூரில் பிறந்த ஒருவர் இக்கதையில் நுழையும் இடம் அடுத்தது. 50 லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றுக்கும் மூன்று நிற எண்கள். ஒரு படத்துக்கு 150 லட்சம் பைட்டுகள் ஆகின்றன. என் காமிராவுடன் வந்த நினைவக அட்டையோ 16 மெகாபைட். அதாவது ஒரே ஒரு படம்! பிலிம் சுருளே மேல் என்று தோன்றுகிறதல்லவா? அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நசீர் அகமது, 1972-ல் ஒரு கணித முறையை ஆராயத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். அது மிக எளிய கருத்து என்று கூறி நிதி மறுக்கப்பட்டதாகப் பின்னாளில் அவரே எழுதியிருக்கிறார். அவர் விடவில்லை. மாணவர் டி. நடராஜன், நண்பர் கே. ஆர். ராவ் ஆகியோருடன் சேர்ந்து அதை முடித்து 1974 ஜனவரியில் வெளியிட்டார். கட்டுரை மூன்றே சில பக்கங்கள்தான்.

முறை இதுதான்: படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாகப் பிரி, ஒவ்வொரு கட்டத்தையும் 64 கொசைன் அலைகளின் கூட்டாக எழுது. நீல வானத்தின் ஒரு கட்டத்தில் ஏறக்குறைய ஒரே நிறம். ஓரிரு எண்களே போதும். மற்றவை பூச்சியத்தை ஒட்டியவை. அவற்றை விட்டுவிட்டால் கண் கண்டுகொள்ளாது. 1992-ல் வகுக்கப்பட்ட ஜேபெக் என்னும் உலகத் தரம் இதன் மேல் எழுந்ததே. நீங்கள் எடுத்த படங்களில் வெறும் வானத்தையும் அடர்ந்த இலைகளையும் காட்டும் இரண்டை எடுத்து, அவற்றின் பைட் அளவை ஒப்பிட்டுப் பாருங்கள். இலைப் படம் பெரிதாயிருக்கும். என் காமிராவில் 15 மெகாபைட் படம் சுமார் 2 மெகாபைட்டாகச் சுருங்குகிறது.

அதன்பின் கதை விரைகிறது. 1991-ல் கோடக் தன் சி.சி.டி.யை நிக்கான் காமிராவின் உடலில் பொருத்திச் செய்தியாளர்களுக்கு விற்றது. 13 லட்சம் புள்ளிகள், தோளில் தனியே ஒரு பதிவுப் பெட்டி. 1994-ல் ஆப்பிளின் குவிக்டேக், உயர் தரத்தில் எட்டே படங்கள். 1995-ல் காசியோ நிறுவனம் காமிராவின் முதுகில் ஒரு சிறிய திரையை வைத்தது. எடுத்தவுடன் பார்த்துக்கொள்ளும் பழக்கம் மக்களிடையே பரவியது அதிலிருந்துதான்.

நிரம்பி வழிந்த சட்டி

இப்போது மலைக்கு வருவோம். 1890-ல் இங்கிலாந்தில் ஹர்ட்டர், டிரிஃபீல்டு என்ற இருவர், ஒளிப்படத் தட்டின் மீது விழும் ஒளிக்கும் அது கறுக்கும் அளவுக்கும் உள்ள உறவை வளைகோடாக வரைந்தனர். அந்தக் கோடு நடுவே நேராக ஏறி, உச்சியில் மெல்ல வளைந்து தோள்போலச் சரியும். பேரொளியில் நெகட்டிவ் பிலிம் சிறுகச் சிறுகத்தான் திணறுகிறது. அதனால் பழைய படக்காரர்கள் நிழலுக்கு ஏற்ப ஒளியைக் கொடு என்றனர். வெளிச்சப் பகுதி எப்படியும் பிழைத்துக்கொள்ளும்.

சிலிக்கனுக்குத் தோள் கிடையாது. நேராக ஏறும்; சுவரில் முட்டி நின்றுவிடும். ஒரு புள்ளியின் சட்டியில் 10,000 எலெக்ட்ரான்கள் கொள்ளும் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். காமிரா, நடுவிலிருந்த என் தந்தையாரின் முகத்தை அளந்து, குடை நிழலிலுள்ள அம்முகத்துக்கு 2,000 எலெக்ட்ரான்கள் சேரும்படி நேரத்தைத் தீர்மானித்தது. வெயில் பட்ட பனியும் மலையும் முகத்தைவிட எட்டு மடங்கு பிரகாசம் எனில் 16,000 சேர வேண்டும். சட்டியோ 10,000-த்தில் தளும்பிவிட்டது. பனிக்கும் 10,000, மலைக்கும் 10,000, வானுக்கும் அதே. எல்லாம் ஒரே வெள்ளை. மலை மறைந்து நிற்கவில்லை, அன்பர்களே, பதியவே இல்லை. எந்தக் கணிப்பொறி மென்பொருளாலும் அதை இனி மீட்க முடியாது.

என்ன செய்திருக்க வேண்டும்? காமிராவில் கூட்டல் கழித்தல் குறியிட்ட பொத்தான் ஒன்று உண்டு. அதில் −1 வைத்தால் ஒளி பாதியாகும். முகத்துக்கு 1,000, மலைக்கு 8,000. இரண்டும் சட்டிக்குள் அடங்கிவிட்டன! முகம் இருண்டிருக்குமே என்பீர்கள். ஆம்; ஆனால் பின்னர் கணிப்பொறியில் வெளிச்சமூட்டலாம். அதற்குக் கொடுக்கும் விலையையும் கணக்கிடலாம். ஃபோட்டான்கள் மழைத்துளிபோல ஒழுங்கின்றி விழுவதால், N எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் N-இன் வர்க்கமூலம் அளவு இருக்கும். 2,000-த்தில் அது 45, அதாவது சுமார் 2.2 சதவீதம். 1,000-த்தில் 32, அதாவது 3.2 சதவீதம். முகத்தில் புள்ளிக்கரடு ஒரு சதவீதம் கூடும்; அவ்வளவே. அந்த ஒரு சதவீதத்தைக் கொடுத்திருந்தால் ஒரு மலைத்தொடர் கிடைத்திருக்கும்.

இரவு நேரத்தில் படங்களில் மணல் தூவியதுபோல் தெரிவதும் இதே வர்க்கமூலத்தின் வேலைதான். 100 எலெக்ட்ரான்களில் ஏற்ற இறக்கம் 10, பத்து சதவீதம்! ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டினால் ஒளி கூடுவதில்லை. குறைந்த எலெக்ட்ரான்களைப் பெருக்கிக் காட்டுகிறது. பழைய காமிராவில் அதைப் பகலில் 100-க்கு மேல் ஏற்றாதிருப்பது நலம்.

படம் எடுத்தபின் அதைத் திரையில் வரவழைத்து, தகவல் பொத்தானை அழுத்தினால் சிறு மலைபோன்ற வரைபடம் ஒன்று தோன்றும். இடது ஓரம் இருள், வலது ஓரம் வெள்ளை. வலது சுவரில் கோடு செங்குத்தாய் முட்டி நின்றால் சட்டிகள் வழிந்தன என்று பொருள். கழித்தல் பக்கம் இன்னும் நகர்த்தி மறுபடி எடுங்கள். 2019-ல் அந்த வரைபடத்தை நான் ஒருமுறையும் திறந்து பார்த்ததில்லை. வகுப்பில் ஒளிமின் விளைவை ஆண்டுதோறும் நடத்தியவன்தான்!

50 லட்சம் புள்ளிகள் போதுமா என்று மாணவர்கள் கேலி செய்கிறார்கள். 2004-ல் செவ்வாயில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்சூனிட்டி ஊர்திகளின் முதன்மைக் காமிராக்களில் இருந்தது 1024-க்கு 1024 புள்ளிகள் கொண்ட சி.சி.டி. பத்து லட்சத்துச் சொச்சம்தான். உலகம் வியந்த செவ்வாய் நிலக்காட்சிகள் அவற்றால் எடுத்த துண்டுப் படங்களை ஒட்டுப்போட்டவை. நாமும் அவ்வாறு செய்யலாம்: காமிராவை நிலையாக வைத்து, இடமிருந்து வலமாகத் திருப்பி, ஒவ்வொரு படமும் முந்தியதில் மூன்றில் ஒரு பங்கை மீண்டும் காட்டும்படி எடுத்தால் கணிப்பொறி இணைத்துத் தரும். இடையில் ஒளி அளவு மாறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வானியலாருக்கும் சி.சி.டி.க்கும் உள்ள நட்பு பழையது. 1976-ல் அரிசோனாவில் யுரேனஸ் கோளை அதில் படம்பிடித்தனர். பிலிம் நூறு ஃபோட்டான்களில் ஓரிரண்டையே பயன்படுத்த, நல்ல சி.சி.டி. தொண்ணூறு வரை எண்ணும். கோடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தில் 1900-களின் தொடக்கத்திலிருந்து கண்ணாடித் தட்டுகளிலும் பிலிமிலும் பதித்துவைத்த சூரியப் படங்களும் சி.சி.டி. காமிராவால்தான் எண்களாக மாற்றப்பட்டன. அந்த ஊருக்கே போகிறோம்; அம்மா சம்மதித்தால் அங்கும் ஒரு நடை போகலாம்.

எஞ்சியவை சில்லறைச் செய்திகள்; ஆனால் பயணத்தைக் கெடுக்கக்கூடியவை. பெட்டிக்கடை பாட்டரி போட்டால் பத்துப் படத்தில் காமிரா படுத்துவிடும். அதே பாட்டரி கடிகாரத்தில் மாதக்கணக்கில் ஓடும்! காமிரா ஒரே நொடியில் மிகுந்த மின்னோட்டத்தை இழுக்கிறது. அப்போது பாட்டரியின் அகத்தடையில் மின்னழுத்தம் இறங்கிவிட, காமிரா 'பாட்டரி தீர்ந்தது' என்கிறது. மறுமின்னேற்றம் செய்யக்கூடிய நிக்கல் உலோக ஹைட்ரைடு கலங்களுக்கு அகத்தடை குறைவு, 1.2 வோல்ட்டே ஆனாலும் அவையே நன்று. மலைக்குளிரில் எல்லாக் கலங்களும் சோர்வதால் உதிரிகளைச் சட்டைப் பையில் உடற்சூட்டில் வைத்திருங்கள். நினைவக அட்டை வாங்கும்போது 2 ஜிகாபைட்டுக்கு மேல் வேண்டாம். 2006-ல் வந்த புதிய அட்டைத் தரத்தை அதற்கு முன் வடிவமைத்த காமிராக்கள் அறியமாட்டா. பொத்தானை முதலில் பாதி அழுத்தி, குவியம் அமைந்த பின்னரே முழுதும் அழுத்த வேண்டும்; இல்லாவிடில் சிரித்தவர் சிரிப்பை நிறுத்திய பின்பே படம் விழும்.

மூன்று வாரங்களாக மாடியில் பயிற்சி நடக்கிறது. கொடியில் காயும் அப்பாவின் பழைய வேட்டிதான் பனி. தண்ணீர்த் தொட்டியின் நிழலில் குடைபிடித்து நிற்கும் அம்மாதான் ஆள். முதல் நாள் வேட்டி முழுதும் வெள்ளைத்தாள். −1-ல் மடிப்புகள் தெரிந்தன. −1⅓-ல் கரையோரத்து நூலும் தெரிந்தது. முகத்துக்காக ஃப்ளாஷைக் கட்டாயமாக எரியவிட்டும் பார்த்தேன். இரண்டு மீட்டர் தூரத்தில் நன்றாக வேலை செய்கிறது. காமிராவின் உள்கடிகாரம் மட்டும் ஒவ்வொரு முறையும் 2005 ஜனவரி 1 என்கிறது. பாட்டரி மாற்றும்போதெல்லாம் தேதியை மறுபடி வைக்கிறேன்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் வேளையில் நாங்கள் மலையில் இருப்போம். உதிரிக் கலங்கள் நான்கு, அட்டை இரண்டு, அதே கறுப்புக் குடை.